நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்த கன்று

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்து, பாகூரைச் சுற்றியுள்ள தாழ்வான ஊர்களையும் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளையும் சூழ்ந்துகொண்டது. எங்கள் மாட்டுக் கொட்டகையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. வண்டல் படிந்த தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு தூவி, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே, மார்கழி முதல் வாரத்தில், அம்மா வளர்க்கும் ஜெர்சிக் கலப்புப் பசு ஒரு கிடேரிக் கன்றை ஈன்றது.

அன்று நான் வீட்டில் இல்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அன்று எனக்கு இரவுப் பணி. காலையில் பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது கன்று கொட்டகை மூலையில் சாக்கின்மேல் படுத்திருந்தது. தாயின் மடி பால் கட்டி இறுகியிருந்தது. இரவு பதினொரு மணிக்குப் பிறந்த கன்றைக் காலை எட்டு மணிவரை ஊட்ட விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நஞ்சு இன்னும் விழல இல்லம்மா, அதுக்கு முன்னால ஊட்ட விட்டா நஞ்சு உள்ளயே தங்கிடும்" என்றார் அம்மா. எதிர்வீட்டுப் பெரியம்மாவும் அதையே சொன்னார். இருவரும் மாடு வளர்ப்பில் என்னைவிடப் பல மடங்கு பழக்கம் உள்ளவர்கள் என்பதால் நான் வாதாடவில்லை. ஒன்பது மணி வாக்கில் நஞ்சுக்கொடி விழுந்தது. அதன் பிறகுதான் கன்று முதல் சீம்பாலைக் குடித்தது. அன்று வாதாடாமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் கன்றுக்குக் கழிச்சல் தொடங்கியது. வெளிர்மஞ்சள் நிறத்தில், தண்ணீர் போல, வாலும் பின்னங்கால்களும் நனைந்து மயிர் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. உச்சிப்பொழுதுக்குள் கண்கள் குழிக்குள் இறங்கிவிட்டன. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு எடுத்த இடத்திலேயே நின்றது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நாக்கில் சூடு இல்லை, விரலைச் சப்பும் வேகமும் இல்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, மூன்று நாள் கன்றுக்கு இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈ.கோலை என்ற குடல் கிருமியை என்று சொல்லிவிட்டு, கழுத்து நரம்பில் இரண்டு பாட்டில் திரவம் ஏற்றினார். அதன் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பு சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் சொன்னார். இரண்டு இரவுகள் நானும் அம்மாவும் மாறி மாறி விழித்திருந்தோம். கன்று பிழைத்தது.

அந்த இரண்டு இரவுகளிலும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நாள் முழுக்க மனிதர்களின் மலத்தைக் கல்ச்சர் செய்து பார்ப்பவள் நான். இந்தக் கிருமிகளின் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால், அதே பெயர்கள் என் வீட்டுக் கொட்டகையில், கோழிக்கூட்டில், ஆட்டுப்பட்டியில் என்ன செய்கின்றன என்பதை நான் அதுவரை உட்கார்ந்து யோசித்ததே இல்லை. ஒரே கிருமி ஒரு வயிற்றில் குடித்தனக்காரராகவும் மறு வயிற்றில் கொலைகாரராகவும் இருப்பதற்கு, அந்தக் கிருமியைப் போலவே அந்த வயிறும் காரணம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஈ.கோலையை 1885-இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளங் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார். அவர் தேடியது நோயின் காரணத்தை. கிடைத்ததோ ஆரோக்கியமான எல்லாக் குழந்தைகளிடமும் இருந்த ஓர் உயிர். நம் ஒவ்வொருவர் குடலிலும், மாட்டின் குடலிலும், நாயின் குடலிலும் அது இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் மெக்கான்கி அகார் என்று ஒரு பிளேட் உண்டு. பித்த உப்பும் லாக்டோஸ் சர்க்கரையும் ஒரு சிவப்புச் சாயமும் கலந்த அந்தக் கூழில் மாதிரியைக் கீற்றிட்டு இன்குபேட்டரில் வைத்தால், மறுநாள் காலை ஈ.கோலை ரோஜா நிறப் பொட்டுகளாக வளர்ந்திருக்கும். நோயுள்ள கன்றின் சாணத்தை வைத்தாலும் ரோஜா நிறம்தான். நோயில்லாத கன்றின் சாணத்தை வைத்தாலும் அதே ரோஜா நிறம்தான். பிளேட்டுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் அந்தக் கிருமி சுமந்து வரும் சில மரபணுக்களில் இருக்கிறது.

கன்றைக் கழிய வைக்கும் ஈ.கோலைக்கு இரண்டு ஆயுதங்கள் வேண்டும். ஒன்று, குடல் சுவரில் பற்றிக்கொள்ளும் மயிர்போன்ற இழைகள். கன்றுகளில் பெரும்பாலும் காணப்படும் வகைக்கு கே99 என்று பெயர். மற்றொன்று, குடல் செல்லை உடைக்காமலே அதன் குழாய்களைத் திறந்துவிட்டு உப்பையும் நீரையும் உள்ளிருந்து வெளியே கொட்டச் செய்யும் நச்சு. அந்த இழைகள் பற்றிக்கொள்வதற்கான இடங்கள் கன்றின் சிறுகுடலில் பிறந்த முதல் சில நாள்களில்தான் தாராளமாக இருக்கின்றன. நாள் ஆக ஆக அவை குறைந்துவிடுகின்றன. ஆகவே இந்த நோய் பெரும்பாலும் முதல் நான்கு நாள்களுக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதே கிருமியைக் கன்று குடம் குடமாக விழுங்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

அந்த நான்கு நாள்களுக்கான காவல்தான் சீம்பால். மனிதக் குழந்தைக்கு, நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்களான தாயின் எதிர்ப்பொருள்கள் கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்துசேர்ந்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு அப்படிப்பட்டதன்று; எதிர்ப்பொருள் எதுவும் அதைக் கடந்து கன்றுக்குப் போவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குக் கன்றின் குடல், அந்தப் பெரிய எதிர்ப்பொருள்களை உடைக்காமல் முழுதாகவே இரத்தத்துக்குள் விடுகிறது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அந்தத் திறன் வேகமாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் வாசல் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். எங்கள் கன்று பத்து மணி நேரம் காத்திருந்தது. அதைவிட வேதனை, அந்தக் காத்திருப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் நேர்மாறானது என்பது. கன்று மடியை முட்டி ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்கிறது; நஞ்சுக்கொடி விழுவதற்கு அது உதவியே செய்கிறது.

கன்றுக்குக் கொடுத்த உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகை நச்சு குடலிலிருந்து நீரை வெளியேற்றினாலும், சோடியமும் குளுக்கோசும் கைகோத்து உள்ளே நுழையும் வாசல் ஒன்று சேதமாகாமல் அப்படியே இருக்கிறது. அந்த வாசல் வழியாக அவை போகும்போது நீரும் பின்னாலேயே போகிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துப் புகட்டச் செய்தார். முகாமில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இறந்த பிறகு 2023-இல்தான் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலரா நச்சையும் நம் நாட்டவரான எஸ். என். டே கல்கத்தாவில் முயலின் குடல் துண்டைக் கட்டி வைத்துச் செய்த சோதனைகளின் மூலம் 1959-இல் நிறுவினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த சில ஈ.கோலை வகைகளும் அதே முயல் குடலில் நீரைச் சுரக்க வைப்பதை அவர் காட்டியிருந்தார். காலராவும் கன்றுக் கழிச்சலும் ஒரே குடும்பத்து நோய்கள் என்பதற்கு அது முதல் தடயம். அந்த இரவில் நான் புட்டியில் கலந்த கரைசல் கல்கத்தாவிலிருந்தும் பன்கானிலிருந்தும் வந்தது என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

கன்றின் கே99 இழைகள் மனிதக் குடலில் பற்றுவதில்லை. ஆகவே அம்மா இரண்டு நாள் அந்தக் கழிச்சலில் கை வைத்துத் துடைத்ததால் அவருக்கு அந்த நோய் வந்திருக்காது. ஆனால், அருகில் சாதுவாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும் பெரிய பசுவைப் பற்றி அப்படி நிம்மதியாகச் சொல்ல முடியாது.

1982-இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்தப்பேதி வந்தது. காரணம் ஓ157:எச்7 என்ற ஈ.கோலை வகை என்று கண்டுபிடித்தார்கள். அது மாட்டின் குடலின் கடைசிப் பகுதியில் குடியிருக்கிறது. மாட்டுக்கு எந்தத் தீங்கும் இல்லை. அது சுரக்கும் நச்சுக்கு ஷிகா நச்சு என்று பெயர். 1897-இல் ஜப்பானில் சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்த கியோஷி ஷிகாவின் நினைவாக வந்த பெயர் அது. அந்த நச்சு செல்லுக்குள் நுழைய, இரத்தக் குழாய் செல்களின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கொழுப்புப் பொருள் இருக்க வேண்டும். மாட்டின் குடல் இரத்தக் குழாய்களில் அது இல்லை. மனிதக் குழந்தையின் சிறுநீரகத்தில் அது நிறையவே இருக்கிறது. அதனால் பசு நச்சுத் தொழிற்சாலையைச் சுமந்துகொண்டு வைக்கோல் தின்னுகிறது. நூறு கிருமிகளுக்கும் குறைவாக விழுங்கிய ஐந்து வயதுக் குழந்தைக்கு இரத்தப்பேதியும், அதில் ஒரு சிறு பங்கினருக்குச் சிறுநீரகச் செயலிழப்பும் வருகின்றன. இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த நச்சின் மரபணு கிருமியின் சொந்தச் சொத்து அன்று; அதைத் தொற்றிய ஒரு வைரஸ் கொண்டுவந்தது. சில ஆண்டிபயாடிக் மருந்துகள் கிருமியை அலைக்கழிக்கும்போது அந்த வைரஸ் விழித்துக்கொண்டு நச்சை இன்னும் அதிகமாக வெளியிடச் செய்கிறது. குழந்தையின் மலத்தில் இரத்தம் கண்டால் மருந்துக்கடையில் பேதி நிறுத்தும் மாத்திரையும் ஆண்டிபயாடிக்கும் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் மன்றாடுவதற்கு இதுவே காரணம்.

2011-இல் ஜெர்மனியில் இதே நச்சைச் சுரக்கும் வேறொரு வகை வெந்தய முளைகளின் வழியே பரவி, ஏறக்குறைய 4,000 பேரை நோயில் தள்ளி, 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. முளை கட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் விதையோடு ஒட்டிவந்த கிருமிக்கு இன்குபேட்டர் போலவே அமைந்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் முளைகட்டிய பயறு, வெந்தயம் எதையும் இப்போது ஆவியில் ஒரு கொதி வைக்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது அண்ணன் மகனுக்கு வந்த காய்ச்சல். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போன குடும்பம், திரும்பும் வழியில் சாயம் பூசிய கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கி வந்தது. இளஞ்சிவப்புக் குஞ்சு. நான்கு வயதுப் பையன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினான். அலகில் முத்தம் கொடுத்தான். மூன்றாம் நாள் 103 டிகிரி காய்ச்சல், வயிற்றுவலி, சளியோடு கூடிய பேதி. மாதிரி எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. மறுநாள் காலை மெக்கான்கி பிளேட்டில் ரோஜா நிறப் பொட்டுகளுக்கு நடுவே நிறமற்ற பொட்டுகள் தெரிந்தன, எக்ஸ்.எல்.டி. என்ற சிவப்பு பிளேட்டில் அவை மீன் கண்போல நடுவில் கறுத்திருந்தன. சால்மோனெல்லா. அடுத்த சோதனைகளில் டைபாய்டு வகை இல்லை என்பது உறுதியானது. குஞ்சு கடைசிவரை துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் சோதிக்கவில்லை என்பதால் அதிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால், நோயே இல்லாத கோழிக்குஞ்சுகள் எச்சத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றுவது உலகெங்கும் பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. பையன் ஆண்டிபயாடிக் இல்லாமல், உப்பு சர்க்கரைக் கரைசலிலேயே ஐந்தாறு நாளில் எழுந்துவிட்டான். பேதி நின்ற பிறகும் சில வாரங்களுக்கு அவன் மலத்தில் கிருமி வரும் என்பதால் அண்ணியிடம் கைகழுவுவதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சால்மோனெல்லா என்ற பெயருக்கும் மீனுக்கும் தொடர்பில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. 1885-இல் அவருடைய உதவியாளர் தியோபால்டு ஸ்மித் பன்றிகளிடமிருந்து இதைப் பிரித்தெடுத்தார்; பன்றிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற பன்றிக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று இருவரும் நம்பினார்கள். அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது பின்னாளில் தெரியவந்தது. நம்பிக்கை பொய்த்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. உழைத்த ஸ்மித்தின் பெயர் அதில் இல்லை என்பது எனக்கு வருத்தமே. இன்று 2,500-க்கும் மேற்பட்ட சால்மோனெல்லா வகைகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை கோழி, மாடு, பன்றி, பல்லி, ஆமை, மனிதர் என்று யார் வயிற்றிலும் தங்கும். சில மட்டும் ஒரே ஓர் இனத்தைத் தேர்ந்துகொண்டவை. டைபாய்டுக் கிருமி மனிதரைத் தவிர வேறெந்த உயிரிலும் இயல்பாக வாழ்வதில்லை. கோழி டைபாய்டுக் கிருமி கோழியைக் கூண்டோடு அழிக்கும். நம்மை அநேகமாகத் தொடாது. 2001-இல் டைபாய்டுக் கிருமியின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தபோது, அதில் 200-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தது தெரிந்தது. பல வயிறுகளில் பிழைப்பதற்கான கருவிகளைத் தொலைத்துவிட்டு, அது ஒரே வீட்டோடு நின்றுபோயிருக்கிறது. குடலில் தங்கிப் பேதியை உண்டாக்குவதை விட்டு, இரத்தத்தில் இறங்கி, சிலருடைய பித்தப்பையில் ஆண்டுக்கணக்காகக் குடியிருப்பதே அதன் வாழ்க்கை.

எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று சால்மோனெல்லாவைப் பற்றியது. மலத்தில் கோடிக்கணக்கான வேறு கிருமிகளுக்கு நடுவே நாலைந்து சால்மோனெல்லா இருந்தால் பிளேட்டில் அது தெரியாது. எனவே முதலில் டெட்ராதயோனேட் குழம்பு என்ற திரவத்தில் ஓர் இரவு வளர விடுவோம். தயோசல்பேட் கலந்த வெண்மையான கலங்கல் நீரில், பயன்படுத்தும் அன்று மட்டும் அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும்; பழுப்பு நிறம் கலங்கலில் விழுந்து கரைந்து மறையும்; தயோசல்பேட் டெட்ராதயோனேட்டாக மாறும். அதில் மற்றவை தடுமாற, சால்மோனெல்லா மட்டும் செழிக்கும். 1923-இல் முல்லர் என்பவர் அறிமுகப்படுத்திய முறை இது. இந்தத் திறன் குடலுக்குள் சால்மோனெல்லாவுக்கு எதற்குப் பயன்படுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாமலே உலகத்து ஆய்வகங்களெல்லாம் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கலக்கிக்கொண்டிருந்தன. 2010-இல்தான் கலிபோர்னியா ஆய்வாளர்கள் விடையைக் காட்டினார்கள். குடலில் சாதாரணமாக வாழும் கிருமிகள் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. குடல் சுவர் அதைத் தீங்கற்ற தயோசல்பேட்டாக மாற்றிவிடுகிறது. சால்மோனெல்லா நுழைந்து குடலைப் புண்ணாக்கும்போது, அதை எதிர்க்க ஓடிவரும் வெள்ளணுக்கள் கொட்டும் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள், அயோடின் செய்த அதே வேலையைச் செய்து, தயோசல்பேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றிவிடுகின்றன. மற்றக் குடல் கிருமிகள் காற்றில்லாத இருட்டில் சர்க்கரையை நொதிக்க வைத்துப் பிழைக்கும்போது, சால்மோனெல்லா இந்த டெட்ராதயோனேட்டைக் கொண்டு மூச்சுவிடுகிறது. நம் உடல் மூட்டும் தீயில் அது குளிர்காய்கிறது. இதைப் படித்த மறுநாள் அயோடின் சொட்டும்போது என் கை சற்று நின்றது. நான் அத்தனை ஆண்டுகளாகக் கண்ணாடிக் குழாயில் செய்துகொண்டிருந்தது வீங்கிய ஒரு குடலின் நகல் என்பதை உணர்ந்தேன்.

கோழி வயிற்றில் இன்னொன்றும் உண்டு: கேம்பிலோபாக்டர். கோழியின் உடல் வெப்பமான 42 டிகிரி செல்சியஸ் அதற்கு மிகவும் உகந்தது. கோழிக்கு நோயில்லை, சில நூறு கிருமிகள் உள்ளே போனால் நமக்குக் கடும் வயிற்றுவலியும் பேதியும். ஆயிரத்தில் ஒருவர் போல, பேதி நின்று சில வாரங்களில் கை கால் தளரும் குலான் பாரே நோய்க்கு ஆளாகிறார்கள். பச்சைக் கோழிக்கறியைக் குழாயடியில் அலசி அலசிக் கழுவும் நம் வழக்கம் சுத்தத்துக்காகச் செய்வதுதான். ஆனால் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக் கட்டில் விழுகிறது. கறியை வேகவைக்கும் சூடு போதும். அதைக் கழுவ வேண்டியதில்லை. கையையும் அரிவாள்மனையையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

புயலுக்குப் பிந்தைய தை மாதத்தில் எங்கள் ஊரில் ஆடுகள் செத்தன. மழைக்குப் பிறகு வரப்பெல்லாம் தளதளவென்று முளைத்த பசும்புல்லை வயிறு முட்ட மேய்ந்த குட்டிகள், அதிலும் நன்றாகக் கொழுத்த குட்டிகள், மாலையில் நன்றாக இருந்து, இரவில் துள்ளித் துள்ளி விழுந்து, விடிவதற்குள் விறைத்துக் கிடந்தன. ஊரில் இதைத் துள்ளுமாரி என்பார்கள். மாரியம்மனின் கோபம் என்று கூழ் ஊற்றியவர்களின் துக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற கிருமியின் டி வகை. அது ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். திடீரென்று செழிப்பான தீனி இறங்கும்போது பல்கிப் பெருகி எப்சிலான் என்ற நச்சைச் சுரக்கும். அந்த நச்சு வெளிவரும்போது வீரியமற்றது. ஆட்டின் சொந்தச் செரிமான நொதியான டிரிப்சின் அதை வெட்டியதும் கொடிய விஷமாகி மூளைக்கு ஏறுகிறது.

இதே கிருமியின் சி வகை முற்றிலும் எதிரான கதையைச் சொல்கிறது. அதன் பீட்டா நச்சை டிரிப்சின் அழித்துவிடும். பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதிகளில் பன்றி விருந்துக்குப் பிறகு குழந்தைகள் குடல் அழுகி இறந்தார்கள். அங்கே அன்றாட உணவு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உண்டு. புரதம் குறைந்த உணவால் அவர்கள் குடலில் டிரிப்சினே குறைவு. எப்போதோ ஒரு நாள் வயிறு நிறையப் பன்றிக்கறி வந்தபோது, அதோடு வந்த நச்சை அழிக்க ஆளில்லை. கொழுத்த ஆட்டுக்குட்டிக்கு எமனான நொதி, வறுமையில் வளர்ந்த குழந்தைக்கு இல்லாமல் போனதால் எமன் வந்தான். ஆட்டுக்கு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டால் துள்ளுமாரி வராது. அந்த ஆண்டு புயலுக்கு முன்னால் எங்கள் தெருவில் பலர் போடவில்லை.

நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் காதுகுத்துகளிலும் இந்தக் கிருமியின் ஏ வகை அடிக்கடி விருந்தாளியாக வருகிறது. அண்டாவில் கொதித்த ஆட்டுக்கறிக் குழம்பில் கிருமி செத்தாலும், விதைபோல உறங்கிக் கிடக்கும் அதன் வடிவங்கள் சாவதில்லை. மூடிவைத்த அண்டா மெல்ல ஆறி 45 டிகிரியை நெருங்கும்போது, அந்த விதைகள் முளைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. இரவு சாப்பிட்டவருக்கு மறுநாள் காலை, காய்ச்சலோ வாந்தியோ இல்லாமல், வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. குழம்பைச் சிறு பாத்திரங்களில் பிரித்து விரைவாக ஆற வைப்பதும், மீண்டும் கொதிக்க வைத்தே பரிமாறுவதும் சமையற்காரர்கள் அறிய வேண்டியவை.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். காலராவை மாடோ கோழியோ பரப்புவதில்லை. கழிமுக நீரிலும் மனிதக் குடலிலும் வாழும் கிருமி அது. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் வரும். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இந்தக் கிருமிகள் எல்லாவற்றையும்விட என்னை அச்சப்படுத்துவது அவை தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும், மரபணுக்களைச் சுமந்த ஒரு சிறு வளையம். கொலிஸ்டின் என்ற மருந்தை நாங்கள் கடைசி மருந்தாக வைத்திருக்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் வேலை செய்யாதபோது மருத்துவர்கள் அதைக் கேட்பார்கள். அதே மருந்தைக் கோழி விரைவாக எடை போட வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2015-இல் சீனாவில் பன்றிகளின் ஈ.கோலையில் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. அது கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவக்கூடிய வளையத்தில் இருந்தது, பன்றியின் ஈ.கோலையிலிருந்து மனிதனின் வேறொரு கிருமிக்கும் போகும். 2019 ஜூலையில் இந்தியா உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் அவற்றின் தீவனத்திலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. அது மிகச் சரியான முடிவு. அது முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்று, நள்ளிரவில் எல்லா மருந்துக்கும் எதிர்ப்புக் காட்டும் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிற ஒருத்தியாக, மனதார வேண்டுகிறேன்.

கன்று இப்போது பெரிய கிடேரியாகிவிட்டது. அதன் தாய் பதின்மூன்று மாதங்கள் கழித்து, தை மாதத்தில் ஓர் இரவு, மீண்டும் ஈன்றது. அன்றும் எனக்கு இரவுப் பணிதான். கீற்றிட்ட பிளேட்டுகளை அடுக்கி இன்குபேட்டருக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார். "காளக் கன்னும்மா. பொறந்து முக்கா மணி நேரம் ஆவுது. எழுந்து நின்னு தானே ஊட்டிச்சு, போதாதுன்னு ஒரு லிட்டரு கறந்து புட்டியிலயும் குடுத்துட்டேன். கொட்டாயத் தொடச்சிட்டு கையையும் சோப்பு போட்டுக் கழுவிட்டேன். நஞ்சு இன்னும் விழல, நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு" என்றார். எதிர்வீட்டுப் பெரியம்மா பக்கத்தில் நின்று ஏதோ கேட்பதும், அம்மா அவருக்குப் பதில் சொல்வதும் தொலைபேசியில் கேட்டன. நஞ்சுக்கொடி விடியற்காலை நான்கு மணிக்கு விழுந்ததாம்.